பேக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன்: மூன்றில் எதை ஆடலாம்?

1980-இல் ஜப்பானிய நிறுவனம் நாம்கோ கொண்டுவந்த பேக்-மேன் வீடியோ கேமில் கடிகாரமே கிடையாது; பேய்களிடம் மாட்டாமல் வளைந்த பாதைகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும். 240 சின்னப் புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள், எல்லாவற்றையும் தின்று தீர்த்தால் அடுத்த லெவல். பெரிய புள்ளியைத் தின்றால் பேய்கள் சற்று நேரம் நீலமாகிவிடும், அப்போது அவற்றையும் தின்னலாம். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும், பிங்க் பேய் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும், ஆரஞ்சுப் பேய் கிட்டே வந்துவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் விதிப்படி நடப்பதால் பாதையை மனப்பாடம் செய்தே பல லெவல் ஓட்டியவர்கள் உண்டு.

2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவிக்கு வந்த சாம்பியன்ஷிப் எடிஷன் இதைத்தான் உடைத்தது. செய்தவரும் வேறு யாரோ அல்ல, முதல் பேக்-மேனை வடிவமைத்த டோரு இவாதானியேதான். லெவல் என்ற சங்கதியே இல்லை, இருப்பது ஐந்து நிமிடம். திரை இடம் வலம் என இரண்டு பாதி; ஒரு பாதியின் புள்ளிகளைத் தின்று முடித்தால் மறுபாதியில் பழம் வரும், பழத்தைத் தின்றால் தீர்ந்துபோன பாதியில் புதுப் புள்ளிகள் முளைக்கும், கூடவே வேகமும் ஏறிக்கொண்டே போகும். பேய் நீலமாக இருக்கும்போதே அடுத்த பெரிய புள்ளியைத் தின்றால் பேய்க்கான ஸ்கோர் சங்கிலி அறுபடாமல் தொடரும். பேயைக் கண்டால் இன்னும் பயம்தான், ஆனால் உண்மையான எதிரி மேலே ஓடும் அந்த நேரம்.

2010-இல் வந்த சாம்பியன்ஷிப் எடிஷன் டிஎக்ஸ் அந்தப் பயத்தையும் எடுத்துவிட்டது. வழியெல்லாம் பேய்கள் தூங்கிக்கொண்டிருக்கும், உரசிக்கொண்டு போனால் விழித்து வரிசையாகப் பின்னால் வரும். முப்பது பேய் சேர்ந்தபின் ஒரு பெரிய புள்ளியைத் தின்றுவிட்டுத் திரும்பி மொத்த வரிசையையும் விழுங்கும் அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம். மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் திரை மெதுவாகிவிடும், கையில் குண்டும் இருக்கிறது, எனவே செத்துப்போவது அபூர்வம். பழைய ஆட்களுக்கு இதுதான் குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் குண்டு போட்டால் பேய்களெல்லாம் நடுவே ஓடிவிடும், ஸ்கோரைத் துரத்துபவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

2016-இல் வந்த சாம்பியன்ஷிப் எடிஷன் 2 இன்னும் ஒரு படி போனது, அங்கேதான் சறுக்கல். பேய்மேல் மோதினாலும் உடனே சாவில்லை, திரும்பத் திரும்ப மோதினால்தான் அதற்குக் கோபம் வரும். பெரிய புள்ளியைத் தின்றபின் முன்னே ஓடும் தலைப்பேயைப் பிடித்தால்தான் வரிசை முழுக்க வாய்க்குள் வரும், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்து மடக்க வேண்டும். யோசனை நல்லதுதான், ஆனால் திரையில் எந்நேரமும் மின்னலும் சிதறலும், பேக்-மேன் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

சரி, ஒன்றுதான் வாங்குவேன் என்றால் டிஎக்ஸ், அதிலும் 2013-இல் வந்த டிஎக்ஸ் பிளஸ், கணினியிலேயே ஆடலாம். பேய் துரத்தும்போது கை வியர்க்க வேண்டும் என்பவர்கள் 2007 ஆட்டத்தைத் தேடிப் பிடிக்கலாம். இரண்டாவது எடிஷனைத் தள்ளுபடியில் பார்த்தால் மட்டும் எடுங்கள்.