தராசா, உரப்பானையா, ஸ்டாரா?

பெங்களூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கன்னடத்தில் ‘ஹசி கச’ (ஈரக் குப்பை), ‘ஒண கச’ (உலர்ந்த குப்பை) தெரியும். காலையில் குப்பை ஆட்டோ வரும்போது எந்த வாளியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள்கூடத் தடுமாறாமல் சொல்லிவிடும். ஆனால் அது பிரிக்கும் பாடம், குறைக்கும் பாடம் இல்லை. ஈரக் குப்பை வாளியில் ஒழுங்காகப் போய் விழுந்தாலும் வீணான இட்லி வீணான இட்லிதான். குறைப்பதைச் சொல்லித்தரத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன: தட்டைக் காலி செய்தால் ஸ்டார், தோட்டத்து மூலையில் உரப்பானை, மிச்சத்தை எடை போடுவது.

ஸ்டார்தான் இருப்பதிலேயே சுலபம், இருப்பதிலேயே மோசமும் அதுதான். தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று முடிவு செய்வது பெரியவர்கள். மிச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது மட்டும் பிள்ளை. பி.எம். போஷன் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மதிய உணவில் 1 முதல் 5 வகுப்பு வரை ஒரே அளவு: ஆளுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு வரும். பத்து வயதுப் பிள்ளை அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கும். ஆறு வயதுக்கு அது மலை. ஸ்டாருக்காக அந்தப் பிள்ளை பக்கத்துத் தட்டில் தள்ளும், பெஞ்சுக்கு அடியில் ஒளிக்கும், இல்லாவிட்டால் கண்ணில் நீர் முட்ட விழுங்கும். வயிறு நிறைந்ததும் நிறுத்தத் தெரிவது நல்ல பழக்கம். அதைக் கெடுத்து ஒரு ஸ்டிக்கர் கொடுப்பானேன்?

போஸ்டர், உறுதிமொழி எல்லாம் செப்டம்பர் 29-க்கு, அதாவது உணவு வீணாவது குறித்த ஐ.நா. விழிப்புணர்வு நாளுக்கு, சரி. 2022-ல் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்ற ஐ.நா. கணக்கு மூன்றாம் வகுப்பில் யார் தலைக்குள்ளும் ஏறாது. ‘நம்ம கிளாஸ்ல இன்னிக்கு ரெண்டு கிலோ’ ஏறும்.

உரப்பானை வேறு ரகம். பிள்ளைகளுக்கு அதைப் போலப் பிடித்தது எதுவும் இல்லை. புழு, சூடு, மண்வாசனை, 45 முதல் 60 நாளில் கறுப்புப் பொடி என்று அறிவியல் பாடம் கண்முன் நடக்கிறது. சறுக்குவது அளவில். 30 பேர் வகுப்பில் நாளுக்கு 2 கிலோ மிச்சம் என்றால் வாரத்துக்கு 10 கிலோ. அதே அளவு சருகும் சேரும்போது 20 லிட்டர் பானை ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். ‘கம்பா’ என்று இந்த ஊரில் பழகிப்போன மூன்றடுக்கு மண்பானையும் ஒரு வகுப்பின் முழு மிச்சத்தைத் தாங்காது. அதனால் சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு, ஸ்நாக்ஸ் இடைவேளையில் விழும் வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல் மட்டும் போடுங்கள். எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த உணவு சீக்கிரம் நாறும், எலியையும் கூப்பிடும்.

ஒரு பங்கு தோலுக்கு ஒன்றரைப் பங்கு சருகு அல்லது தென்னை நார்த்தூள், மேலே ஒரு கைப்பிடி பழைய உரம், வாரம் இருமுறை கிளறல். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை: சருகு சேர்த்துக் கிளறுங்கள். மூக்கில் குத்தும் அமோனியா வாடைக்கும் சருகுதான் மருந்து. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஆரம்பிப்பவர்கள் மழையில் கொழகொழவென்ற பானையோடு மல்லுக்கட்டி, தசரா விடுமுறைக்குள் கைவிடுவார்கள். நவம்பரில் தொடங்குங்கள். டிசம்பரிலிருந்து தூங்குமூஞ்சி மரங்கள் சருகை இலவசமாகக் கொட்டும், ஏப்ரல் விடுமுறைக்கு முன் உரமும் கைக்கு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் உரப்பானைக்கு ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. ‘மிஸ், பரவால்ல, செடிக்குத்தானே போகுது’ என்று ஒரு பிள்ளை பாதிச் சப்பாத்தியைப் பானையில் போடும் நாள் வந்தே தீரும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பானை சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

எனவே முதலில் தராசு. 5 கிலோ வரை 1 கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, மூன்று வாளி, ஒரு வடிதட்டு போதும். முதல் வாளி சோறு, இட்லி, சப்பாத்தி வகைக்கு, இரண்டாவது காய்கறிக்கு, மூன்றாவது எலும்பு, தோல், முருங்கைச் சக்கை போன்ற தின்ன முடியாதவற்றுக்கு. (கறிவேப்பிலை எந்த வாளி என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடும்.) மூன்றாவது வாளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலி வாளியை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு எடை போடுங்கள். தொடர்ந்து ஐந்து நாள். பிறந்தநாள் கேக் வந்த நாளும், அரைநாள் பள்ளியான சனிக்கிழமையும் வேண்டாம்.

எண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு பிள்ளை வாளிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் 200 கிராம் கூடிவிடும், ரசமும் அப்படித்தான். வடிதட்டில் இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு போடுங்கள். மொத்தத்தை அன்று சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், வருகைப் பதிவேட்டால் அல்ல. 2,100 கிராம், 30 பேர், ஆளுக்கு 70 கிராம். மூன்றாம் வகுப்புக்கு இது கழித்தல், நான்காம் வகுப்புக்கு வகுத்தல், ஐந்தாம் வகுப்புக்குச் சராசரியும் பட்டை வரைபடமும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குக் கிராம் புரியாது; கண்ணாடி ஜாடியில் கோடு போட்டு ‘நேற்றைவிட மேலேயா, கீழேயா’ என்று கேட்டால் போதும்.

டப்பா கட்டிக்கொண்டு வரும் பள்ளியில் தராசு பொய் சொல்லும். மிச்சத்தை மூடி வீட்டுக்குக் கொண்டுபோ என்ற விதி இருந்தால் வாளி காலியாக இருக்கும், வீணானது வீட்டுக் குப்பையில் விழும். அந்த ஐந்து நாள் மட்டும் விதியைத் தளர்த்துங்கள். யார் டப்பா என்று பெயர் எழுதாதீர்கள். பெயர் எழுதப்படும் என்று தெரிந்தால் மிச்சம் கழிவறைக்குப் போகும்.

எடை தெரிந்த பிறகுதான் காரணம் தேட வழி பிறக்கும். சோற்று வாளி கனத்தால் முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுகரண்டி. காய்கறி வாளி கனத்தால் நறுக்கிய அளவையும் காரத்தையும் பாருங்கள். எல்லா வாளியும் கனத்தால் நேரம் போதவில்லை: கை கழுவும் வரிசையிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, அல்லது விளையாட்டு மைதானம் கூப்பிடுகிறது. விளையாட்டை முன்னால் வைத்து, சாப்பாட்டைப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஐந்து நாள் எடை போடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அறிவுரை வேண்டாம். வகுப்பின் சராசரியும் ஒரு வரியும் போதும்: ‘நாளைக்கு நாலு இட்லிக்குப் பதில் மூணு வைங்க, பத்தலைன்னா பிள்ளையே சொல்லும்.’