குமிழ் ஏர் பெட்: பம்ப் ஓடுகிறது, காற்று மாறுகிறதா?

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்கப் பெரும்பாலும் போட்டுவிடுவது குமிழ் வகை ஏர் பெட். ஒரு பிவிசி விரிப்பு முழுக்கக் குமிழ்கள், கட்டிலின் கால்மாட்டில் மாட்டும் சின்ன பம்ப், அதிலிருந்து இரண்டு குழாய். அவ்வளவுதான் சாமான். விலை குறைவு, மடித்து வைக்கலாம், இருக்கிற மெத்தையின் மேலேயே விரித்துக்கொள்ளலாம். எடை குறைந்தவர், தோல் இன்னும் கிழியாதவர், நேரத்துக்குப் புரட்டிவிட ஆள் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். புரட்ட ஆளில்லாத குறையை இது தீர்த்துவிடும் என்று நினைத்து வாங்கினால் காசுக்குக் கேடு.

குமிழ்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். ஒரு குழாய் ஓர் அணிக்கு, இன்னொன்று அடுத்ததற்கு. ஓர் அணி நிறையும்போது மற்றது தளரும். பெரும்பாலான பம்புகளில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 10 நிமிடம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் தோலுக்கு ரத்தம் திரும்பி வர இந்த இடைவெளிதான் வழி. கோளாறு வருவதும் இங்கேதான். தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும்போது குழாய் கட்டில் சட்டத்தில் மாட்டி மடங்கிவிடும், அல்லது பம்பிலிருந்து கழன்றுவிடும். அப்போது ஓர் அணி எப்போதும் காலி, மற்றது எப்போதும் கல் மாதிரி. சாதாரண மெத்தையை விடவும் மோசமான நிலை இது; உடல் எடை முழுவதும் பாதிக் குமிழ்களின் மேலேயே நிற்கும். பம்போ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கும் எரியும். மலிவான மாடல்களில் அலாரம் கிடையாது. கால்மாட்டில் கைக்கு எட்டும் ஒரு குமிழில் பேனாவால் புள்ளி வைத்து அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி அழுத்துங்கள். கெட்டியாக இருந்தது தளர்ந்திருக்க வேண்டும், தளர்ந்திருந்தது கெட்டியாகியிருக்க வேண்டும்.

மாட்டும்போது பம்பின் திருகை முழு அழுத்தத்தில் வைத்து 15-20 நிமிடம் நிறையவிட்டு, பிறகு ஆளைப் படுக்க வைத்து, எடைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். திருகில் போட்டிருக்கும் கிலோ கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளங்கை மேல்பார்க்க, ஏர் பெட்டுக்கும் அடிமெத்தைக்கும் நடுவே, வால் எலும்புக்கு நேர் கீழே கையை நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையில் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் காற்று தாங்கி நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அழுத்தம் போதாது. தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்ததும் எடை எல்லாம் இடுப்புக்கு இறங்கும். படுத்த நிலையில் சரியாக இருந்த அழுத்தம் அப்போது பற்றாது. உணவு கொடுக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் சாய்வை 30 டிகிரிக்குள் வைத்தால், உடம்பு வழுக்கித் தோல் இழுபடுவதும் குறையும்.

அதிகம் கெடுப்பது மேலே விரிக்கும் துணிதான். பெட்சீட்டை இழுத்து இறுக்கிச் செருகினால் அது தொட்டில் போலத் தொங்கிக்கொள்ளும், கீழே குமிழ் தளர்வது மேலே படுத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதன் மேல் ரெக்சின், அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் டயப்பர் என்று அடுக்கினால் ஏர் பெட் இருந்தும் இல்லாததுபோல்தான். தளர்வாக ஒரு பருத்தி பெட்சீட், தேவைப்பட்டால் உறிஞ்சும் விரிப்பு ஒன்று, அதோடு நிறுத்த வேண்டும். பிவிசி வியர்க்க வைக்கும். கசியும் சிறுநீர் குமிழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய் நிற்கும். பெட்சீட் மாற்றும்போது அந்தப் பள்ளங்களைத் துடைக்காமல் விட்டால் வாடை மட்டுமல்ல, தோலும் ஊறிப்போகும்.

குதிகாலை ஏர் பெட் காப்பாற்றாது. அது சின்ன இடம், எலும்பு மேலாகவே இருக்கிறது. கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம். ஓரத்தில் அழுத்தி ரத்த ஓட்டத்தை அது இன்னும் கெடுக்கும். பக்கவாட்டில் திருப்பும்போது 90 டிகிரிக்குச் சாய்த்தால் இடுப்பின் பக்க எலும்பில் எடை விழும், 30 டிகிரி போதும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது? இரண்டு மணி என்பது பழக்கத்தில் வந்த கணக்கு. அமெரிக்கா, கனடாவில் 27 இல்லங்களில் 942 பேரை வைத்து நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணிக்கு ஒருமுறை புரட்டியதில் புண் வருவதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆய்வு ஓடியது மூன்று வாரம், மெத்தை நல்ல ஃபோம். இந்த இரண்டையும் மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று மாறும் மெத்தையையும் தரமான ஃபோமையும் 2029 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால், தானாகக் கொஞ்சமாவது புரளக்கூடியவருக்கு நல்ல ஃபோம் மெத்தையே மேல். ஏர் பெட்டில் கையூன்ற உறுதி கிடைக்காமல், இருக்கிற அசைவும் போய்விடும்.

முதுகெலும்பு முறிந்து இன்னும் நிலைப்படாதவருக்கு இது கூடவே கூடாது. எழுந்து நடக்க முயலும் மறதி நோயாளிக்கும் யோசித்துத்தான் போட வேண்டும். மெத்தை மேல் மெத்தை ஏறுவதால் பக்கத் தடுப்பின் உயரம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஓரம் அமுங்கி ஆள் சரிகிறார். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே தலையோ கழுத்தோ சிக்கும் சந்தும் பெரிதாகிறது. ஓரத்தைக் கையால் அமுக்கிவிட்டுத்தான் அந்தச் சந்தைப் பார்க்க வேண்டும்.

எடை கூடியவருக்கும் ஏற்கெனவே புண் உள்ளவருக்கும் தனித்தனிக் குழல்கள் கொண்ட வகையே சரி. ஒரு குழல் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். குமிழ் விரிப்பில் ஒரு குமிழ் கிழிந்தால் அந்த அணியே தளர்ந்துபோகும், ஒட்டுப் போட்டாலும் நிலைக்காது. அழுத்தம் குறைந்தால் கத்தும் அலாரம், உடம்பு துடைக்கும்போது எல்லாக் குழலையும் ஒரே சீராக நிறுத்தும் வசதி, நெஞ்சை அழுத்தி உயிர்காக்க வேண்டி வந்தால் காற்றைச் சட்டென்று இறக்கும் வால்வு, இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். கரண்ட் போனால் குமிழ் வகை வெகுநேரம் காற்றைப் பிடித்து வைக்காது. அடியில் மெத்தை இல்லாமல் வெறும் பலகையில் விரித்திருந்தால் ஆள் பலகையில்தான் கிடப்பார்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் ஏர் பெட் எத்தனை என்று எண்ண வேண்டாம். புரட்டும் பதிவேட்டைக் கேளுங்கள். நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி இருந்தது, மூன்றும் எழுதியிருக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கிறதா என்று பார்க்கிறார்களா? கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி இவற்றைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள பணியாளருக்குத் தெரிகிறதா? அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்போம் என்று சொன்னால் அவருக்குப் பயிற்சி இல்லை. பிறகு பதிவேட்டோடு கட்டிலுக்குப் போங்கள். இடப்பக்கம் திருப்பியதாகப் பத்து நிமிடம் முன்பு எழுதியிருந்து, ஆள் மல்லாந்து கிடந்தால், மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை.