ஹட்டனிலிருந்து ஐரோப்பிய ஓய்வூதியம்: ஈ.ஈ.எஸ்.எஸ்.ஐ. சேவை பற்றிய மதிப்பீடு

இத்தாலியிலும் ஜேர்மனியிலும் உழைத்துவிட்டு மலையகத்துக்குத் திரும்பிய நம்மவர்களில் பலர் ஈ.ஈ.எஸ்.எஸ்.ஐ. என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நோர்வே, சுவிற்சர்லாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகியவற்றையும் சேர்த்து 32 நாடுகளின் சமூகப் பாதுகாப்பு நிறுவனங்கள், முன்பு தபாலில் அனுப்பிவந்த படிவங்களை இப்போது பரிமாறிக்கொள்ளும் இலத்திரனியல் வலையமைப்பு அது. என் அக்காவின் ஓய்வூதிய விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் கவனித்தவன் என்ற முறையில், அலுவலகங்களுக்கு இது மிகச் சிறந்த சேவை என்றும், விண்ணப்பதாரரை இது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்றும் சொல்வேன்.

அக்கா இத்தாலியில் வீட்டுப் பணியாளராக 16 ஆண்டுகளும், அதன்பின் ஜேர்மனியில் 6 ஆண்டுகளும் பங்களிப்புச் செலுத்தியவர். இத்தாலியின் வழமையான முதியோர் ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதியின்படி இரு நாட்டுக் காலங்களும் ஒன்றுகூட்டப்பட்டதாலேயே அவர் அந்தத் தகுதியை எட்டினார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது 1231/2010 ஒழுங்குவிதி. கடைசியாகக் காப்புறுதி செய்யப்பட்டிருந்த ஜேர்மனிக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதுமாக இருந்தது. காப்புறுதிக் காலங்களைக் குறிக்கும் பி5000 என்ற ஆவணத்தில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன வகைப் பங்களிப்பு என்ற கட்டங்கள் எல்லா மொழிகளிலும் ஒன்றாகவே அமைந்திருப்பதால், இத்தாலிய உத்தியோகத்தர் தம் மொழியில் நிரப்புவதை ஜேர்மன் உத்தியோகத்தர் தம் மொழியில் வாசிக்கிறார்.

சிக்கல் பெயரில்தான் வந்தது. ஒரு நாட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும், மறு நாட்டில் அக்காவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகவும் பதிவாகியிருந்தன. கடவுச்சீட்டுப் பிரதியையும் இத்தாலிய வரி இலக்க அட்டையையும் அனுப்பிய பிறகே இருவரும் ஒருவர்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக இருந்ததால் சேமலாப நிதிக்கு அலைந்த நம் தோட்டத்து மக்களுக்கு இந்த வேதனை புதிதல்ல.

கோப்பு எந்த நாட்டு மேசையில் இருக்கிறது என்று விண்ணப்பதாரர் பார்ப்பதற்கு இந்த வலையமைப்பில் வழியே இல்லை. விபரம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஓர் அலுவலகம் மாதக்கணக்கில் பதில் தரவில்லை. வயதானவர்களை இப்படிக் காக்க வைப்பது நியாயமல்ல. மேலும், ஐரோப்பிய எல்லையைத் தாண்டியதும் எல்லாம் மீண்டும் காகிதமாகிவிடுகிறது. உயிர்வாழ் சான்றிதழை உறுதிப்படுத்தி ஹட்டன் தபால் நிலையத்திலிருந்தே அனுப்புகிறோம். சுகாதாரக் காப்புறுதியும் இங்கே தொடர்வதில்லை. அக்கா கிளினிக்குக்குப் போவது டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குத்தான்.

விண்ணப்பிக்கவிருப்பவர்கள் ஒவ்வொரு நாட்டுக் காப்புறுதி இலக்கத்தையும், சில மாதங்களே பார்த்த வேலையையும்கூடத் தவறாமல் குறிப்பிடுங்கள். ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்குத் தனி ஓய்வூதியம் கிடைக்காவிட்டாலும், அது மொத்தக் கணக்கில் சேரும். சுவிற்சர்லாந்தில் இலங்கைக் குடியுரிமையோடு வேலை செய்தவர்களுக்கு, அகதி அந்தஸ்து பெற்றோர் தவிர, இந்த ஒன்றுகூட்டல் பொருந்தாது. அவர்கள் நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறியிருந்தால், செலுத்திய முதியோர் காப்புறுதிப் பங்களிப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று ஜெனீவாவிலுள்ள இழப்பீட்டு அலுவலகத்திடம் விசாரிக்க வேண்டும்.