ரெக்கார்டு பாய் கடை, வேலூர்: புழுக்கம் உண்டு, விலைச்சீட்டு கிடையாது, ஆனாலும் போங்க

வேலூரில் ராக் இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் காட்பாடியில் பெங்களூரு ரயில் ஏறச் சொல்வார்கள். ரயில் ஏற வேண்டாம். லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு ஒரு கடை இருக்கிறது. பலகையில் இன்னமும் ‘ரேடியோ, மிக்ஸி பழுது பார்க்கப்படும்’ என்றுதான் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சந்து முனையில் பழக்கடைக்காரரிடம் ரெக்கார்டு பாய் கடை என்று கேட்டால் கையைக் காட்டுவார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இந்தியப் பதிப்புத் தட்டுகள் வாங்கவும், வீட்டில் தூங்கும் பிளேயரை எழுப்பவும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. இப்போது புதிதாக அச்சாகி வருகிற இறக்குமதித் தட்டுகள் வேண்டும் என்றால் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரர் பாய் சொல்கிற விலை அதிகம். அதை அவரிடமே சொன்னேன், ‘அப்ப அங்கேயே வாங்கிக்க தம்பி, பாட்டு ஒண்ணுதானே’ என்று சிரித்துவிட்டு டீ சொன்னார்.

குறைகள் நிறைய. ஏசி கிடையாது, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் தலைக்கு மேலே. கத்திரி வெயில் நேரத்தில் மதியம் போனால் தட்டு உருகுகிறதோ இல்லையோ நீங்கள் உருகிவிடுவீர்கள். தட்டும் வளையத்தான் செய்யும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வேலூர் வெயிலில் வினைல் தட்டைப் படுக்கப் போட்டு அடுக்கினால் கொஞ்ச நாளில் ஓரம் அலையடிக்க ஆரம்பித்துவிடும். நல்ல சரக்கையெல்லாம் மர அலமாரியில் நிமிர்த்தி வைத்திருப்பவர், கீழே தரையோரம் ஒரு பெரிய குவியலை மட்டும் ஏன் அப்படிப் படுக்கப் போட்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. அந்தக் குவியலில் எதை எடுத்தாலும் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். விலைச்சீட்டு எதிலும் இல்லை, முகத்தைப் பார்த்துத்தான் விலை. காலேஜ் பையன் என்றால் ஒன்று, காரில் வந்தவர் என்றால் இன்னொன்று. தரத்துக்கு அவரிடம் மூன்று சொல்தான் உண்டு: ‘நல்லா இருக்கு’, ‘பரவால்ல’, ‘ஓடும்’. ‘ஓடும்’ என்றால் பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

சரி, சரக்குக்கு வருவோம். பெரும்பகுதி கோலார் தங்கவயல், ஜோலார்பேட்டை, அரக்கோணம் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலிருந்து வந்தவை. ரயில்வேயிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள், தங்கவயல் சுரங்கத்தை 2001-இல் மூடியதும் மிச்சமிருந்த வீடுகளும் காலியாகத் தொடங்கின. ட்ரங்குப் பெட்டியோடு தட்டுகள் எடைக்குப் போகவிருந்த நேரத்தில் இவர் குறுக்கே புகுந்து வாங்கியிருக்கிறார். பலதும் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் எச்எம்வி அச்சிட்டவை. வெளிநாட்டுப் பதிப்புதான் உசத்தி என்று நினைக்கும் சேகரிப்பாளர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் போவார்கள், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு உறையிலும் யாரோ ஒருவர் இருக்கிறார். மையால் பெயர், அதற்குக் கீழே கிறிஸ்துமஸ் வாழ்த்து, பிடித்த பாட்டுக்குப் பக்கத்தில் டிக், பிடிக்காததற்கு ஒரு குறுக்குக்கோடு. டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1972 ஆல்பம் ஒன்றில் உள்ளுறை முழுக்கப் பென்சிலில் கிட்டார் கார்டு (chord, சேர்த்து வாசிக்கும் சுரங்கள்) எழுதி, தப்பாக எழுதியதை அழித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். அந்த ஆல்பத்துக்கு ஒரு கதை உண்டு: சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ ஊரில் 1971 டிசம்பரில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது யாரோ வெடித்த ஃபிளேர் துப்பாக்கியால் சூதாட்ட விடுதியே எரிந்து போனது, ரெக்கார்டிங்குக்காக அங்கே வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர்கள் ஏரி மேலே படர்ந்த புகையைப் பார்த்து ஒரு பாட்டு கட்டினார்கள், அப்புறம் காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆல்பத்தை முடித்தார்கள். கிட்டாரைக் கையில் எடுத்த எவனும் முதலில் பழகுவது அந்தப் பாட்டின் ஆரம்பத்தைத்தான். தங்கவயலில் யாரோ ஒரு பையனும் அதைத்தான் அழித்து அழித்துப் பழகியிருக்கிறான். அந்தத் தட்டு ‘பரவால்ல’ ரகம், பேரமே பேசாமல் வாங்கினேன்.

கடைக்குள் ஒரு பெஞ்சு உண்டு. வாங்காவிட்டாலும் உட்கார்ந்து கேட்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். இந்தப் பெஞ்சுக்காகவே இந்தக் கடைக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். சிஎம்சி பக்கத்தில் இருப்பதால் வருகிற கூட்டமே வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வர நேரமாகும், லாட்ஜ் அறையில் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது, காந்தி ரோட்டிலிருந்து அப்படியே நடந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். மேற்கு வங்கம், பங்களாதேஷ், மேகாலயா, மிசோரம், எல்லா ஊர் ஆளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாய் எங்களோடு தமிழ், அவர்களோடு உருது கலந்த ஹிந்தி.

விற்பனைக்கு இல்லை என்று அவர் சொல்லும் ஒரு பெட்டி இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய கச்சேரியின் மூன்று தட்டுப் பெட்டி. பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், லியோன் ரஸ்ஸல் எல்லாரும் ஒரே மேடை. அன்று மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு காட்சிகள். ராக் நட்சத்திரங்களைச் சேர்த்து நிவாரணக் கச்சேரி நடத்துகிற வழக்கத்துக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ரவிசங்கரும் சரோட் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்ட, சுருதி சேர்த்ததற்கே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று ரவிசங்கர் சொல்வது தட்டில் அப்படியே இருக்கும். பங்களாதேஷிலிருந்து மனைவியின் சிகிச்சைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பாய் ஒன்றும் கேட்காமல் கடைசிப் பக்கத்தைப் போட்டார், ஹாரிசன் அந்த நாட்டின் பெயரையே பாட்டாகப் பாடும் இடம். பெரியவர் எழுந்து நின்று கேட்டார், நாங்களும் எழுந்தோம். ஐம்பது வருஷத்துக்கும் மேலே ஆன பாட்டு, பாடியவர் 2001-லேயே போய்விட்டார். பாட்டு என்னமோ லாங் பஜார் சந்தில், மிக்ஸி ரிப்பேர் மேஜைக்கு மேலே, சரியான ஆளைப் போய்ச் சேர்ந்தது.

ஷில்லாங்காரர்கள் வந்தால் பேச்சு டிலன் பக்கம் போய்விடும். அந்த ஊரில் லூ மஜா என்ற பாடகர் 1972 முதல் ஒவ்வொரு மே 24-ஆம் தேதியும் டிலன் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்திவருகிறார். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து பாயும் மே 24-இல் டிலன் தவிர வேறு எதையும் கடையில் போடுவதில்லை. ஹார்மோனிகா சத்தம் தாங்காமல் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் அன்றைக்கு எட்டிப் பார்த்து முறைப்பது தனிக் காட்சி.

சுவரில் பழைய டிக்கெட் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தது, 2007 மார்ச்சில் அதே ஊர் பேலஸ் மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது, இரண்டுக்கும் இங்கிருந்து ஆள் போயிருக்கிறார்கள். போனவர்கள் இன்றைக்கும் அந்தத் துண்டுகளைக் காட்டிப் புதுப் பையன்களிடம் அளக்கிறார்கள். அளக்கட்டும், நான் இரண்டுக்கும் போகவில்லை, வயிற்றெரிச்சல்தான்.

2025 ஜூலையில் பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் இறந்த செய்தி வந்த பிறகு கடைக்குப் போனபோது விஐடி பையன்கள் கறுப்புச் சட்டையில் வாசல் வரை நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மாதம் 5-ஆம் தேதிதான் பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் பிளாக் சாபத்தின் பழைய நால்வரும் சேர்ந்து கடைசிக் கச்சேரி கொடுத்திருந்தார்கள், நிற்க முடியாமல் சிம்மாசனம் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார் மனிதர், 22-ஆம் தேதி போய்விட்டார். அன்று பெஞ்சில் இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனும் இருந்தார். பையன்கள் ஓஸி ஓஸி என்று உருகிக்கொண்டிருக்க, அவர் அதே குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமியைப் பற்றி ஆரம்பித்தார். தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன், 17 வயது, வேலையை விட்டு நிற்கப் போகிற கடைசி நாளில் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிட்டார் நரம்பை அழுத்துகிற கையே அதுதான். அத்தோடு முடிந்தது என்று வீட்டில் கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார், தீயில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த மேதை. ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தார். ‘தோல் மட்டும் சரியா இல்லன்னா நரம்பு வழுக்கிடும் தம்பி, எவ்ளோ மெலிசா சீவணும் தெரியுமா’ என்று அந்த அண்ணன் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டினார். ஹெவி மெட்டல் என்கிற அந்த முரட்டு ராக் பிறந்த கதையைப் பல இடத்தில் படித்திருக்கிறேன், தோல் சீவுகிறவர் சொல்லிக் கேட்டது அங்கேதான்.

குயின் குழுவின் தட்டு தேடினால் ராக் வரிசையில் கிடைக்காது, ஹிந்திப் பட வரிசையில் பாருங்கள். அதன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி மகாராஷ்டிரத்து பாஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்தவர் என்பதால் ‘நம்ம பையன்’ என்று அங்கே வைத்திருக்கிறாராம். இதில் பேரம், வாதம் எதுவும் செல்லாது.

ரிப்பேர் வேலையில் பாய் கெட்டிக்காரர். ஊசி, பெல்ட், கார்ட்ரிட்ஜ் எல்லாம் கையிருப்பில் வைத்திருக்கிறார், பழைய எச்எம்வி ஃபியஸ்டா சூட்கேஸ் பிளேயருக்குக்கூட. ஆனால் நல்ல தட்டை ஃபியஸ்டாவில் போடாதே, அதன் ஊசி பிடித்திருக்கும் கை கனம், பள்ளத்தைச் சுரண்டிவிடும் என்று அவரே சொல்லி அனுப்புவார், விற்கிறவர் வாயிலிருந்து இது வருவது அபூர்வம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயரை டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மாறுதிசை மின்சாரத்தில் (ஏசி) ஓடும் மோட்டார் வைத்த பிளேயர் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், பாட்டு கிட்டத்தட்ட மூன்று செமிடோன் (அரைச் சுரம்) கீழே இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், இதை மாற்றாது. பாய் மோட்டாரில் இருக்கும் சின்னப் புல்லியைக் கழற்றி, லேத்தில் கடைந்த 50 ஹெர்ட்ஸ் புல்லி போட்டுத் தருகிறார். சத்துவாச்சாரி நண்பர் ஒருவர் ரொம்ப காலம் பிளாக் சாபத்தை அந்த மெதுவான வேகத்திலேயே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார், சரிசெய்த பிறகு ‘முன்னாடிதான் கெத்தா இருந்துச்சு’ என்று குறைப்பட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விரல் வலிக்காக ஐயோமியே 1971 ஆல்பத்தின் சில பாட்டுகளில் கிட்டாரை மூன்று செமிடோன் இறக்கித்தான் கட்டினார், நண்பர் அதற்கும் கீழே ஒரு மூன்று போய்விட்டார்.

தட்டு கழுவியும் தருவார். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கிறார். தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகளைக் கொண்டுபோனால் அவை அரக்கில் செய்தவை என்று முன்கூட்டியே ஞாபகப்படுத்துங்கள், ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். அவருக்குத் தெரியும், கூட இருக்கும் பையனுக்குத் தெரியாது.

வாங்கவே கூடாதது, வாசலில் தொங்கும் பேண்டு டி-ஷர்ட்டுகள். அச்சு சீக்கிரம் உரிந்துவிடும், அது போகட்டும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 ஆல்பத்து அட்டையில் வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிக்கும் முப்பட்டகத்தைப் போட்டிருக்கிறார்களே, அசல் அட்டையில் ஆறு நிறம்தான், கருநீலம் கிடையாது. இங்கே பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து ஏழு அடித்திருக்கிறார்கள். 1973-க்கும் 1988-க்கும் இடையில் 741 வாரம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் உட்கார்ந்திருந்த அட்டை அது, கொஞ்சம் பார்த்து அடித்திருக்கலாம். பாயிடம் சொன்னேன், ‘ஒரு கலர் ஃப்ரீ தம்பி’ என்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடையை அடைத்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். ஞாயிறு காலை கூட்டம் குறைவு, ஓட்டிப் பார்த்து வாங்க அதுதான் வசதி. ஜிபே உண்டு, ஆனால் ரொக்கம் என்றால் கொஞ்சம் குறைப்பார். சந்துக்குள் வண்டியை விடாதீர்கள், கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், வாங்கிய தட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போகாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.