இன்டர்வியூ என்று கூப்பிட்டு என்னையே முதல் கேஸ் ஆக்கினார்கள்: 3,640 வெள்ளி போச்சு

நேற்று மத்தியானம் பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து திரும்பும்போது ஃபெர்ரியில் உட்கார்ந்தே இதை எழுத ஆரம்பித்தேன். கை நடுக்கத்தில் எழுத்துப் பிழையாக வந்ததால் நிறுத்திவிட்டேன். இப்போது ராத்திரி பதினொன்று. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இல்லையென்றால் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

3,640 மலேசிய வெள்ளி. பிறையில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததில் கிட்டத்தட்ட பாதி.

பேர் சொல்ல மாட்டேன். காப்புறுதி விற்கும் ஒரு ஏஜென்சி, நார்தாம் ரோட்டுப் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில் ஒரு மாடி. அவ்வளவு போதும். இந்த மாதிரி இடங்கள் கோலாலம்பூரிலும் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஒரே அச்சு.

தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் முடிந்து இரண்டு மாதம் சும்மா இருந்தேன். வேலை தேடும் ஆப் ஒன்றில் விளம்பரம் வந்தது: “மேனேஜ்மென்ட் டிரெய்னி, நிதித் துறை. அடிப்படை 2,500 வெள்ளி. அனுபவம் தேவையில்லை, எஸ்பிஎம் போதும்.” எஸ்பிஎம் என்றால் ஐந்தாம் படிவத் தேர்வு. காப்புறுதி என்ற சொல்லே அதில் இல்லை. ஏஜென்ட் என்றும் இல்லை. கமிஷன் என்ற சொல்லுக்குப் பதிலாக ‘வரம்பில்லாத வருமானம்’ என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

பாகான் டாலாமிலிருந்து அண்ணனின் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். படிப்பு, முந்தைய வேலை எல்லாம் நாலு வரியில் முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் முழுக்கக் குடும்பம். அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் கல்யாணமானவர்கள், சொந்த வீடா வாடகையா. இன்டர்வியூவிலும் அதேதான். மேனேஜர் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “தம்பி, அப்பாவோட ஈபிஎஃப் எடுத்தாச்சா, அப்படியே இருக்கா?” என்று கேட்டார். ஏதோ அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்தேன். ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்ட் என்ற முதலீட்டில் போட வழி இருக்கிறது, அதை விற்பவர்களும் அதே மாடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் வேலைக்குப் பொருத்தமா என்று அவர் பார்க்கவே இல்லை. என் வீட்டில் யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. ஃபைலை மூடி வைத்துவிட்டு, “இன்டர்வியூ முடிஞ்சிருச்சு தம்பி. வாங்க, பசியாறலாம்” என்று கீழே இந்திய முஸ்லிம் மாமாக் கடைக்குக் கூட்டிப்போனார். ரொட்டி சானாய், தே தாரிக், அவரே காசு கொடுத்தார். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினார், நம்ம பையன்கள் மேலே வரவேண்டும் என்றார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் இருபது வருஷமாகப் பால்குடம் எடுப்பதாகச் சொல்லிப் போனில் படம் காட்டினார். நெற்றி நிறைய விபூதி, தலையில் குடம், கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினார்கள். அவர் கையை நீட்டி, “கொடுங்க, நான் பேசுறேன்” என்றார். “அம்மா, கவலைப்படாதீங்க, உங்க பையனை என் சொந்தத் தம்பி மாதிரிப் பாத்துக்கிறேன்.” அன்று சாயங்காலம் அம்மா வீட்டில் பாயசம் வைத்தார்கள். இதை எழுதும்போது அந்தப் பாயசம்தான் தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் 890 வெள்ளி கேட்டார். ‘டிரெய்னிங், தேர்வு, புரோசஸிங்’ என்று ஒரே பேக்கேஜ். கம்பெனி கணக்கில் ஏதோ சிஸ்டம் கோளாறாம், அதனால் அவருடைய சொந்தக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரசீது இன்றுவரை வரவில்லை. காப்புறுதி ஏஜென்ட் ஆக எழுத வேண்டிய பிசிஇ தேர்வுக்குத் தனியே கட்டணம் உண்டு, எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது, இந்த 890இல் ஒரு சிறு பகுதிதான் என்று என்னோடு தேர்வு எழுதிய பையன் ஒருவன் பிறகு சொன்னான்.

அடுத்தது நூறு பேர் பட்டியல். ஒன்றிலிருந்து நூறு வரை நம்பர் போட்ட தாள். பேர், போன் நம்பர், வயது, கல்யாணம் ஆனவரா, தோராயமாகச் சம்பளம். நாற்பது வரை வேகமாக எழுதினேன். அதற்கப்புறம் பேர் வரவில்லை. “உங்க அக்கா கல்யாணத்துக்கு எத்தனை பத்திரிகை அடிச்சீங்க? அதை நினைச்சுப் பாருங்க” என்றார். அப்படித்தான் தமிழ்ப்பள்ளி டீச்சர், கோயில் கமிட்டிக்காரர்கள், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அந்தத் தாளுக்குள் வந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் நம்பரை எழுதிக் கொடுத்தது நான். அந்தத் தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை.

பாலிசி எடுத்த கதையும் அதே மாமாக் கடையில்தான். “உங்ககிட்டயே இல்லாத சாமானை மத்தவங்ககிட்ட எப்படி விப்பீங்க?” என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மாதம் 310 வெள்ளி, முதலீட்டோடு சேர்ந்த பாலிசி, கார்டில் தானாகவே பிடித்துக்கொள்ளும். டேப்லெட்டை நீட்டினார். விரலில் பருப்புக் கறி ஒட்டியிருந்தது. டிஷ்யூவால் அவரே துடைத்துவிட்டு, “இங்க, இங்க, அப்புறம் இங்க” என்று காட்டினார். விரல் நுனியால் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை.

ஐந்து மாதம் பிடித்தார்கள், 1,550. நடுவில் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் ‘கிக்-ஆஃப்’. ரூம், பஸ், கோட்டு, டை எல்லாம் சேர்த்து 1,200. காது கிழியப் பாட்டுப் போட்டு, மேடையில் ஒருவர் கார் சாவியைத் தூக்கிக் காட்ட, எல்லாரும் நாற்காலி மேலே ஏறிக் கத்தினோம். நானும் கத்தினேன். 890, 1,550, 1,200. கூட்டிப் பாருங்கள், 3,640.

விளம்பரத்தில் போட்ட 2,500? மாதக் கடைசியில் கேட்டபோது, அது ‘அலவன்ஸ்’ என்றார், மாதம் நாலு கேஸ், அதாவது நாலு பாலிசி, முடித்தால்தான் வருமாம். ஈபிஎஃப் கிடையாது, சொக்சோ என்ற தொழிலாளர் பாதுகாப்பும் கிடையாது. அது சம்பளமே இல்லை, வேலையும் இல்லை.

போன மாதம் பாலிசியை நிறுத்தலாம் என்று முடிவு பண்ணி, ஈமெயிலில் வந்த கோப்பை முதல் முறையாகத் திறந்தேன். மூன்றாவது பக்கத்தில் ஏஜென்ட் என்ற கட்டத்தில் மேனேஜரின் பேர். கையெழுத்துப் போட்ட நாளில் நான் பிசிஇ பாஸ் பண்ணவில்லை, எனக்கு ஏஜென்ட் கோடு நம்பரே கிடையாது. அதனால் கேஸ் அவர் கோடில் போயிருக்கிறது. ஆயுள் காப்புறுதியில் கமிஷன் முதல் வருஷம்தான் கொழுத்தது, பிறகு குறைந்துகொண்டே போகும். என் முதல் வருஷம் அவருக்குப் போய்விட்டது. அதே கோப்பில் இன்னொன்றும் இருந்தது: பாலிசி கையில் கிடைத்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் கட்டிய காசு திரும்பும். அந்தப் பதினைந்து நாளும் நான் ஏ, சி பகுதி என்று தேர்வுக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். கூத்து என்னவென்றால், இந்த 15 நாள் விஷயத்தை அந்தப் பாடத்திலும் படித்திருக்கிறேன். என் பாலிசிக்கும் அது உண்டு என்று மண்டையில் ஏறவில்லை.

போன் பண்ணினேன். “தம்பி, டிரைவிங்ல இருக்கேன்.” மறுபடி பண்ணினேன், கட் பண்ணிவிட்டு நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். முழுக்க மைண்ட்செட் பற்றித்தான், காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் வாட்சாப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அவர் ஸ்டேட்டஸ் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு எனக்குத் தெரிகிறது: ‘தோல்வி என்பது தள்ளிப்போன வெற்றி.’ கம்பெனியின் சேவை மையத்துக்குப் பண்ணினால், “உங்கள் ஏஜென்ட்டைத் தொடர்புகொள்ளுங்கள்” என்கிறார்கள்.

நேற்று நேரில் போனேன். அவர் வெளியே ஃபீல்டில் இருப்பதாக ரிசப்ஷன் பெண் சொன்னார். அவருடைய கார் கீழே நின்றிருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தேன். ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் புதுப் பையன்கள் மூன்று பேர் அந்தக் குடும்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடம், “அண்ணே, இதுல சித்தப்பா பேரையும் போடணுமா?” என்று கேட்டான். எழுதாதே, எழுந்து வீட்டுக்குப் போ என்றேன். அந்தக் குரல் கேட்டதும் ஃபீல்டில் இருந்தவர் உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். தோளில் கை போட்டு லிஃப்ட் வரைக்கும் நடத்திப் போனார். “யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல தம்பி. விரலால கையெழுத்துப் போட்டது நீங்கதானே?” கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலையும் திணித்தார். 3,640 வெள்ளிக்குப் பதிலாக ஒரு பாட்டில் தண்ணீர்.

தொழிலாளர் இலாகாவிலும் போன வாரம் விசாரித்தேன். அதிகாரி பொறுமையாக ஒப்பந்தத்தைப் புரட்டினார். இது ஏஜென்ட் ஒப்பந்தம், இதில் நான் தொழிலாளி இல்லை, சம்பள பாக்கி என்று இதைக் கொண்டுபோவது கஷ்டம் என்றார். அவர்மேல் குற்றமில்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை, படிவம் 198. என் தொகை அதற்குள் அடங்குகிறது, போடப் போகிறேன். பாலிசியை முறித்தால் ஏதோ கொஞ்சம் வரலாம் என்கிறார்கள், வந்தால் எழுதுகிறேன்.

காப்புறுதியே மோசம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்கா பல வருஷமாக இதே வேலை செய்கிறார், தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடியோடி கிளெய்ம் வாங்கிக் கொடுத்தவர். என் ஆத்திரம் வேலை என்று பொய் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மேல்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று பெரிதாக எழுத நினைத்திருந்தேன், தலை வலிக்கிறது. சுருக்கமாக: அடிப்படைச் சம்பளம் என்றால் ஈபிஎஃப் பிடிப்பீர்களா என்று கேளுங்கள், இழுத்தால் எழுந்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் தனிநபர் கணக்குக்குக் காசு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பாலிசி எடுத்திருந்தால் இன்றைக்கே ஈமெயிலைத் திறந்து அந்த 15 நாளில் எத்தனை நாள் மீதி என்று எண்ணுங்கள். ஏஜென்ட்டோ கம்பெனியோ பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 1-300-88-5465. நூறு பேர் பட்டியலை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

ஏனென்றால் அது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பெரியம்மா போன் பண்ணி, “உன் ஆப்பீஸ்லருந்து ஒரு தம்பி வந்தான், உன் பேரைச் சொன்னான், மாசம் 200 தானேன்னு போட்டுட்டேன்” என்றார்கள். பட்டியலில் அவர்கள் நம்பர் ஏழு. அவர்களுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, நாளைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைக்கிறேன். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக நானே போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு முப்பத்தாறு பேர் வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்தது டீச்சர். மணி பதினொன்றரை ஆகிவிட்டது, காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் கூப்பிட வேண்டும்.