தோழியா, சீனியர் அக்காவா, கவுன்சலரா?

வளரிளம் பெண்களிடம் தன்னம்பிக்கையும், விழுந்தால் எழுந்து நிற்கும் தெம்பும் வளர வேண்டும் என்று நினைக்கும் பள்ளிகளுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ஒரே வயதுத் தோழிகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது, சற்று மூத்த மாணவி ஒருத்தியைத் துணை சேர்ப்பது, பெரியவர் ஒருவரை நியமிப்பது. ஒருநாள் ஊக்கப் பேச்சுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெண் அழும்போது, அந்தப் பேச்சாளர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

தோழிகள் வட்டத்தை ஆரம்பிப்பது சுலபம். கூச்சம் கிடையாது, செலவும் இல்லை. ஆனால் உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002இலும் 2007இலும் வெளியிட்ட ஆய்வுகளைப் படித்த பிறகு இதை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரே கவலையைத் தோழிகள் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு நெருக்கமாகிறது, ஆனால் பெண்பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து ஏறுகின்றன. 'அவ ஏன் அப்படிச் சொன்னா?' என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்தால் பாரம் குறைந்திருக்காது. 'சரி, நாளைக்கு அவளைப் பார்த்தால் என்ன செய்யப்போறே?' என்று கேட்க அங்கே ஒருத்தி வேண்டும்.

அந்த ஒருத்திதான் சீனியர் அக்கா. இரண்டு மூன்று வயது வித்தியாசம் போதும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பதை அதன் ஊற்றுகளில் ஒன்றாகச் சொல்கிறார். வகுப்பில் கை தூக்கப் பயப்படும் பெண்ணிடம் ஆசிரியர் 'தைரியமா பேசும்மா' என்பார். அக்கா சொல்வது வேறு: 'எனக்கும் குரல் நடுங்கும்டி. முதல் வரியை மட்டும் நோட்டில் எழுதி வெச்சுப்பேன். அதைப் படிச்சுட்டா மீதி தானா வந்துடும்.' நாளைக் காலையே செய்து பார்க்கக்கூடிய விஷயம் அது. சொல்பவளும் நேற்றுவரை நடுங்கியவள் என்பதுதான் அதற்குப் பலம். அதனால் வழிகாட்டிகளாக முதல் ரேங்க் மாணவிகளையே பொறுக்கி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒரு பாடத்தில் தோற்று மீண்டவளும், தனிமையில் தவித்து வெளியே வந்தவளும் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம்.

ஆபத்தும் இந்த வழியில்தான் அதிகம். மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்கு வழிகாட்டும் திட்டங்களை ஆராய்ந்த மைக்கேல் கார்ச்சர், வழிகாட்டி ஒழுங்காக வராமல் போனால் இளையவரின் சுயமதிப்பு அடிவாங்குகிறது என்று 2005இல் காட்டினார். பெரியவர்கள் வழிகாட்டிய திட்டம் ஒன்றைப் பற்றிய 2002 ஆய்விலும் இதே பாடம்தான்: ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளே அதிகப் பலன் தந்தன, மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் சுயமதிப்பு சரிந்தது. ஏற்கெனவே 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்று நினைப்பவளிடம் அக்காவும் வராமல் போனால், அவள் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வாள். பரீட்சை நேரத்தில் வரமுடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் என்றால் எந்தப் பெரியவர்? பீகார் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான 'சேஹர்' ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. மாணவர் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், வேறு சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த இடத்தில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் பலன் தெரியவில்லை. பாடமும் நடத்தி, மார்க்கும் போட்டு, மனம்விட்டுப் பேசவும் இடம் கொடு என்று ஒரே ஆளிடம் கேட்பது அவருக்கும் அநியாயம்.

ஆகவே என் தேர்வு: முன்னால் அக்கா, பின்னால் கவுன்சலர். தற்கொலை எண்ணம், பாலியல் தொல்லை, வீட்டில் அடி போன்ற விஷயங்களைப் பதினாறு வயது அக்கா ஒருத்தி ரகசியமாகச் சுமக்கக் கூடாது. 'இதை மட்டும் நான் மேடத்திடம் சொல்லியே ஆகணும்' என்று முதல் சந்திப்பிலேயே அவள் சொல்லிவிட வேண்டும். அந்த அக்காக்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காரப் பள்ளியில் ஒரு பெரியவருக்கு நேரம் இல்லையென்றால், மென்டாரிங்கைத் தொடங்காமல் ஒரு நல்ல ஆலோசகரை மட்டும் வைத்துக்கொள்வதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.