தத்தெடுத்த குழந்தைக்குப் பாலூட்ட உதவும் துணைக்குழாய்க் கருவி: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

தத்தெடுத்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க விரும்பும் பெண் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், குழந்தை உறிஞ்சினால்தான் பால் சுரக்கும், பால் வந்தால்தான் குழந்தை தொடர்ந்து உறிஞ்சும் என்பதுதான். இந்த முடிச்சை அவிழ்க்கவே துணைக்குழாய்க் கருவி பயன்படுகிறது. கழுத்தில் தொங்கும் சிறிய புட்டி ஒன்றும், அதிலிருந்து இரு மார்புகளுக்கும் இறங்கும் மெல்லிய குழாய்கள் இரண்டுமே கருவி முழுவதும். குழாயின் நுனியைக் காம்பருகே பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால், குழந்தை மார்பைச் சப்பும்போதே புட்டியில் உள்ள பாலும் அதன் வாய்க்குள் வருகிறது. பல மாதங்கள் பயன்படுத்திய பிறகு, குறைகள் இருந்தும், இதை வாங்கியது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

கருவியின் சிறப்பு, பால் வரும் வேகத்தை நம் கையில் கொடுத்திருப்பதில் இருக்கிறது. புட்டியைக் காம்பின் மட்டத்துக்கு மேலே உயர்த்தினால் பால் விரைவாக வரும். தாழ்த்தினால் குழந்தை சற்று உழைத்தே குடிக்க வேண்டியிருக்கும். வெவ்வேறு தடிமனுள்ள குழாய்களும் உடன் வருகின்றன. பயன்படுத்தாத பக்கத்துக் குழாயைத் திறந்து வைத்தால் அதன் வழியே காற்று புட்டிக்குள் நுழைவதால் வேகம் கூடுகிறது என்பதைக் கையேடு ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. உண்மையில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய செய்தி அது. புட்டிப்பாலுக்குப் பழகிவிட்ட குழந்தை பொறுமை இழந்து முகத்தைத் திருப்பும் தொடக்க நாட்களில் பாலை விரைவாக வரவிட்டு, அது மார்பில் நிலைத்துக் குடிக்கத் தொடங்கிய பின் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகலாம்.

பெட்டியின் மேல் தாய்ப்பாலைப் பெருக்கும் என்று எழுதியிருப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும், அதை வெளியே தள்ளும் ஆக்சிடோசினும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலப்பவை. கருவுறாத பெண்ணிடமும் அவை உண்டு என்பதால்தான் இந்த முயற்சியே சாத்தியமாகிறது. ஆனால் பேறுகாலத்தில் மார்புத் திசுவை வளர்க்கும் ஹார்மோன்கள் நமக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. அதை ஓரளவு ஈடுகட்ட, குழந்தை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே ஹார்மோன் மாத்திரை தொடங்கிப் பின்னர் நிறுத்துவதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் பயன்படுத்துவதும் வழக்கம். டொம்பெரிடோன் என்ற மருந்தையும் சிலருக்குத் தருகிறார்கள். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004-இலேயே எச்சரித்திருப்பதால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடவே கூடாது. இவ்வளவு செய்தும் முழுத் தேவைக்கும் பால் சுரப்பது சிலருக்கே வாய்க்கிறது. பால் சில சொட்டுகளே வரும் நாளிலும் குழந்தை மார்பிலேயே வயிறு நிறையக் குடிக்கலாம் என்பதே கருவியின் உண்மையான பயன், அதுவே போதுமானது.

குறை என்றால் முதலில் சுத்தம் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். பால் கொடுத்து முடித்த உடனேயே குளிர்ந்த நீரையும், பிறகு சோப்பு கலந்த வெந்நீரையும் சிரிஞ்சால் குழாய்க்குள் செலுத்தி அலசி, இறுதியில் காற்றைச் செலுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் பால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்கிறது. நள்ளிரவில், தூங்கி வழியும் கண்களோடு இதைச் செய்வது எளிதன்று. அடிக்கடி ஒட்டிப் பிரிப்பதால் பிளாஸ்டர் தோலைப் புண்ணாக்குகிறது. கைகளால் பொருளைப் பிடிக்கத் தொடங்கிய குழந்தை குழாயைப் பிடித்து இழுக்கும் விளையாட்டையும் விரைவிலேயே கற்றுக்கொள்கிறது, அதற்குக் கருவியில் எந்த ஏற்பாடும் இல்லை.

புட்டியில் பவுடர் பால் ஊற்றுவதானால் கட்டியில்லாமல் கரைந்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, கொதித்து ஆறத் தொடங்கி 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆற்றிய பிறகே ஊட்ட வேண்டும். புட்டியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மட்டும் பார்த்துத் துணைப்பாலைக் குறைத்துவிடக் கூடாது. எடை கூடுகிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா என்று கவனித்து, குழந்தை மருத்துவரின் ஒப்புதலோடு குறைப்பதே பாதுகாப்பு.

பிறந்து சில வாரங்களுக்குள் வீட்டுக்கு வரும் குழந்தையிடம் இந்தக் கருவி எளிதில் பலன் தரும். வளர்ந்த குழந்தை மார்பை அடியோடு மறுக்கவும் கூடும் என்பதால், அத்தகைய குழந்தையைத் தத்தெடுப்போர் பாலூட்டல் ஆலோசகர் ஒருவரிடம் இரவலாகக் கிடைத்தால் முயன்று பார்த்துவிட்டு வாங்கலாம். யார் வாங்கினாலும் உதிரிக் குழாய்கள் தனியே கிடைக்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். புட்டி நெடுநாள் உழைக்கிறது, குழாய்கள் அவ்வாறு உழைப்பதில்லை.